இடது தோள் ஊக்கு

பிரகாசி அக்கா வரமாட்டாள் என்றுதான் உபகாரம் நினைத்தாள். வரக்கூடாது என்றும் நினைத்தாள். வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்றும் அதே மூச்சில் நினைத்தாள். கோயிலுக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு, கறுப்புச் சேலையை மடியில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிரே வியாகுல மாதா துணியில்லாமல் நின்றாள். துணியில்லாமல் என்று சொன்னால் நாக்கு கூசும், ஆனால் மாதாவிடம் மறைப்பதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. முகம் உண்டு, கழுத்து உண்டு, முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் கைகள் உண்டு. மற்றபடி கழுத்துக்குக் கீழே வெறும் மரச்சட்டம்தான், கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடை மாதிரி. பெரிய வெள்ளி பவனியில் இவளைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு அழுகிற ஊருக்கு இது தெரியாது. உடுத்திவிடுகிற இரண்டு பெண்களுக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணமான புதிதில் மாமியார் கூட்டிவந்து காட்டியபோது உபகாரம், "என்னத்த, மாதாவுக்கு வயிறே இல்லியே" என்று கேட்டுவிட்டாள். மாமியார் தலையில் ஒரு குட்டு வைத்து, "சேலை உடுத்துனா எல்லாம் வரும், வாயை மூடு" என்றாள். உடுத்துகிற உரிமை இந்தக் குடும்பத்துக்கு இடது பக்கம், பிரகாசியின் குடும்பத்துக்கு வலது பக்கம். அது எப்போது யார் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை.

ஊக்கு விஷயத்தையும் மாமியார்தான் சொல்லிக்கொடுத்தாள். சேலையைச் சுற்றி, முந்தானையைத் தலைக்கு மேல் கொண்டுவந்து, கடைசியில் இரண்டு தோளிலும் ஒவ்வொரு ஊக்கு குத்த வேண்டும். குத்தும்போது அவரவர் பெற்ற பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிரே நிற்கிறவள் அந்தப் பிள்ளைக்காக ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊக்கை மூடலாம். மாதாவுக்கு உடம்பு இல்லை, பிள்ளைகளின் பெயரில்தான் சேலை நிற்கிறது என்பாள் மாமியார். சாமியார்மாருக்கு இது தெரியுமோ தெரியாதோ, தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருந்துவிடுவார்கள். ஊரில் மற்றவர்களுக்கு உடம்பு இல்லாத கதை தெரியாவிட்டாலும் பெயர் சொல்லுகிற கதை தெரியும். மகன் தனிஸ் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கதவுக்கு வெளியே நின்று, "அம்மா, சொல்லியாச்சா, சொல்லியாச்சா" என்று பிராணனை வாங்குவான். கூடவே பிரகாசியின் மகன் ரொமால்டும் நிற்பான். சொல்லியாச்சு என்று உள்ளேயிருந்து குரல் வந்த பிறகுதான் இரண்டும் ஓடும். தனிஸ் என்ற பெயர் மனசுக்குள் வந்துவிட்டதைப் பார்த்து உபகாரம் திடுக்கிட்டாள். எந்தச் சந்தில் புகுந்து வருகிறது என்றே தெரியவில்லை. வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவள் புருஷன் மிக்கேல் முதலில் 'அவன்' என்று சொன்னார், பிறகு அதையும் விட்டுவிட்டார். சுவரிலிருந்த அவனுடைய புதுநன்மை போட்டோவை எடுத்து எங்கேயோ வைத்தார், எங்கே என்று இவளும் கேட்கவில்லை. ஆணி மட்டும் இருக்கிறது, அந்த ஆணியில் ஜெபமாலையைத் தொங்கவிட்டிருக்கிறாள். அதுவும் கண்ணில் படாமல் இருக்கத்தான்.

இன்றைக்கு என்ன பெயர் சொல்வது என்று தவக்காலம் முழுவதும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அவளுக்குத் தனிஸுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்தது. காலையில் பிறந்து வெயில் ஏறுவதற்குள் போய்விட்டது. பிரசவம் பார்த்த நர்ஸ் கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றி ஆபத்து ஞானஸ்நானம் கொடுத்து மரியா என்று பெயர் வைத்தாள். அதுவும் பெற்ற பிள்ளைதானே. பெற்ற பிள்ளையின் பெயரைத்தானே சொல்லச் சொன்னார்கள், எந்தப் பிள்ளை என்று சொல்லவில்லையே. மரியா என்று சொன்னால் பொய்யும் இல்லை, வழக்கத்தை மீறியதும் இல்லை, பிரகாசி அக்கா அந்தப் பெயருக்கு மங்கள வார்த்தை சொல்லவும் தடை இருக்காது. இதைக் கண்டுபிடித்த அன்று அடுப்படியில் நின்று உபகாரம் ஒரு நிமிஷம் சிரித்தாள் கூட. இத்தனை வருஷமும் அந்தப் பிள்ளையின் பெயரை ஒரு தடவையாவது ஊக்கில் சொன்னாளா? இல்லை. உயிரோடு இருக்கிறவன் ஒருத்தன் இருந்ததால் செத்தவளை மறந்தாள். இப்போது அவனை மறைக்க இவளைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். வெயில் ஏறுவதற்குள் போன பிள்ளை, முகம் கூட நினைவில் இல்லை, மேலுதட்டில் ஒரு கொப்புளம் மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு இப்போது வேலை வந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் மரியா என்று உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டாள்.

வெளியே சத்தமே இல்லை. வியாழக்கிழமை இரவோடு கோயில் மணி ஓய்ந்துவிட்டது, சனிக்கிழமை உயிர்ப்புப் பூசை வரைக்கும் அடிக்கமாட்டார்கள். யாரும் கடலுக்குப் போகவில்லை. வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறிக் கிடக்கின்றன. வழக்கமாக இஞ்சின் சத்தத்தில் கேட்காத அலை இன்றைக்குக் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. அன்றைக்கும் இப்படித்தான் கேட்டது, அவன் வாசலில் வந்து நின்றபோது. தண்ணீர் கேட்டான். செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்கவில்லை, செம்பைப் பிடித்துக்கொண்டே நின்றான். "அம்மா, ரொமால்டு எந்திரிக்க மாட்டேங்கான்" என்றான். சின்ன வயதில் விளையாட்டில் கோள் சொல்ல வருகிற குரல்தான் அது, ரொமால்டு எனக்குத் தரமாட்டேங்கான், ரொமால்டு என்ன விட்டுட்டுப் போறான் என்கிற அதே குரல். வலை கடலுக்கடியில் பாறைப் பாரில் மாட்டிக் கிழிந்ததாம். உன்னால்தான் என்று இவன், உன்னால்தான் என்று அவன். கரையில் வந்து இறங்கியும் வாய் ஓயவில்லையாம். துடுப்பு இவன் கையில் இருந்ததாம். ஒரே அடி என்றார்கள். ஒரே அடி, ஒரே அடி என்று ஊரே சொன்னது, ஆறுதல் சொல்வதா குற்றம் சொல்வதா என்று தெரியாமல் எல்லோரும் அதையே சொன்னார்கள். ரொமால்டு எந்திரிக்க மாட்டேங்கான். அந்த வார்த்தை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. அரிசி களையும்போது கேட்கிறது. விளக்கை அணைத்தால் கேட்கிறது. மிக்கேல் குறட்டை விட்டால் அதற்கு நடுவில் கேட்கிறது. அவள் எழுந்து போய்ச் செம்பைக் கவிழ்த்து வைப்பாள், அப்படி வைத்தால் ஓயும் என்று எப்படியோ ஒரு எண்ணம். ஓயாது.

பிரகாசி அக்கா வரமாட்டாள். கோயில்பிள்ளை சாவியைக் கொண்டுவந்து கொடுத்தபோது, "அவங்ககிட்டயும் கேட்டாச்சு, ஒண்ணும் சொல்லல" என்றார். ஒன்றும் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம்? ரொமால்டின் அடக்கத்தன்றைக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வீட்டுக்குள் போகக்கூடாது என்று மிக்கேல் கையைப் பிடித்து இழுத்தும் கேளாமல் உபகாரம் போனாள். கூட்டம் விலகி வழிவிட்டது, அந்த மாதிரி வழியை யாருக்கும் விடக்கூடாது. நேரே போய் பிரகாசியின் காலில் விழுந்தாள். "அக்கா, அவன் எனக்குப் பிள்ளை இல்ல. நான் பெறவே இல்லன்னு வச்சுக்கிட்டேன்" என்றாள். கொடுப்பதற்கு அது ஒன்றுதான் கையில் இருந்தது, அதைக் கொடுத்தாள். பிரகாசி காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, கையைத் தலையில் வைக்கவும் இல்லை. பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். இவள் என்ன பேசுகிறாள் என்று புரியாத பார்வை அது. உபகாரம் அந்தப் பார்வையைப் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறாள், இன்னும் விளங்கவில்லை. பிறகு ஒன்று நினைவு வரும். அந்த நினைவை அவள் வரவிடமாட்டாள், சேலை மடிப்பை எண்ணுவாள், ஜன்னல் கம்பியை எண்ணுவாள். தனிஸ் கைக்குழந்தையாக இருந்தபோது இவள் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டாள், பால் வற்றிவிட்டது. பிரகாசிக்கு அப்போதுதான் ரொமால்டு பிறந்திருந்தான். தினமும் வந்து தூக்கிக்கொண்டு போவாள். ஒருநாள் இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பக்கம் போட்டுக்கொண்டு, பிரகாசி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். இதில் எது யாருடைய பிள்ளை என்று ஒரு நிமிஷம் உபகாரத்துக்கே அடையாளம் தெரியவில்லை. கம்பியை எண்ணினாள். கம்பி முடிந்துவிட்டது.

மாதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கண், எங்கே உட்கார்ந்தாலும் பார்க்கும். உங்களுக்கு என்ன அம்மா, என்று உபகாரம் மனசுக்குள் கேட்டாள். பேசக்கூடாது என்று நினைத்தாலும் இந்த அறையில் பேச்சு வந்துவிடும். உங்களுக்கு என்ன, உங்கள் பிள்ளை ஒரு தப்பும் பண்ணவில்லை. ஊரே காறித் துப்பினாலும் சிலுவையடியில் நிமிர்ந்து நின்றீர்கள், நிற்கலாம். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு கள்ளன்மார் தொங்கினார்களே, அவர்களைப் பெற்றவளுகள் எங்கே நின்றாளுகள்? வேதத்தில் ஒருவரும் எழுதவில்லை. ஒருத்தி வந்திருப்பாள், கூட்டத்துக்குப் பின்னால் முக்காடு போட்டு நின்றிருப்பாள், யாராவது நீ யாரென்று கேட்டால் நான் சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன் என்று சொல்லியிருப்பாள். நீங்கள் அவளைப் பார்த்தீர்களா? திரும்பியாவது பார்த்தீர்களா?  பதிலுக்கு ஒரு சாமியார் சொன்னதுதான் நினைவில் வந்தது. பாளையங்கோட்டைச் சிறைக்குப் பூசை வைக்கப் போகிற சாமியார் அவர், போன மாதம் பங்குச் சாமியாரைப் பார்க்க வந்தவர் இவளைக் கூப்பிட்டுவிட்டார். பையன் ஒன்றுமே கேட்கமாட்டேன் என்கிறான், மனு பார்க்க, மனு போட்டு நேரில் வந்து பார்த்துப் போக, யாரும் வரவில்லையே என்று கூட கேட்கவில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டான் என்றார். "அம்மா இந்த வருஷமும் மாதாவுக்குச் சேலை உடுத்துவாங்களா"ன்னு கேட்டான், அதில் என்னம்மா விசேஷம் என்று அவர் வெள்ளந்தியாகக் கேட்டார். ஒன்றுமில்லை ஃபாதர் என்றாள் உபகாரம். வீடு வரைக்கும் எப்படி நடந்து வந்தாள் என்று தெரியாது. கதவுக்கு வெளியே நிற்கிறான். இன்னும் கதவுக்கு வெளியேதான் நிற்கிறான். சொல்லியாச்சா, சொல்லியாச்சா.

கதவு தட்டாமலே திறந்தது. பிரகாசி உள்ளே வந்தாள், செருப்பை வாசலில் விட்டாள், கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். போன வருஷம் இருந்ததில் பாதிதான் இருந்தாள். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள், புருஷன் செத்தபோது கூடக் கட்டாதவள். உபகாரம் எழுந்து நின்றாள். என்ன சொல்லலாம் என்று தேடுவதற்குள் பிரகாசி அவள் கையிலிருந்த சேலையின் ஒரு முனையை எடுத்துக்கொண்டு மாதாவின் வலது பக்கம் போய்விட்டாள். "அடிக்கரை தரையில புரளாம பாத்துக்க" என்றாள். அவ்வளவுதான். உபகாரத்தின் கைக்கு வேலை தெரியும், அது தன் பாட்டுக்குப் போனது. ஒருத்தி பிடிக்க ஒருத்தி சுற்ற, ஒருத்தி மடிக்க ஒருத்தி இறுக்க, சட்டம் மறைந்து இடுப்பு வந்தது, மார்பு வந்தது. மாமியார் சொன்னது சரிதான், சேலை உடுத்தினால் எல்லாம் வரும். நடுவில் ஒருமுறை இருவர் விரலும் துணிக்கடியில் பட்டுக்கொண்டன. பிரகாசியின் விரல் குளிர்ந்திருந்தது. அவள் விலக்கவில்லை, வேலை முடியும் வரை அப்படியே வைத்திருந்து பிறகு எடுத்தாள். இந்தச் சுற்று முடியவேகூடாது என்று உபகாரம் வேண்டினாள். முடிந்துவிட்டது. முந்தானை தலைக்கு மேல் ஏறிவிட்டது. பிரகாசி ஊக்கைத் திறந்தாள்.

"ரொமால்டு" என்றாள். அழாமல், கூப்பிடுகிற குரலில் சொன்னாள், தெருவில் விளையாடுகிறவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. உபகாரம் செபம் சொல்ல வேண்டும்.   அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி, திருவயிற்றின் கனி என்ற இடத்தில் குரல் உடைந்து, ஒரு வார்த்தையை விட்டு ஒரு வார்த்தையைப் பிடித்து எப்படியோ ஆமென் வரைக்கும் போய்விட்டாள். பிரகாசி ஊக்கை மூடினாள். துணியை ஒருமுறை தடவிக்கொடுத்தாள். பிறகு இடது பக்கத்தைப் பார்த்தாள். உபகாரம் ஊக்கைத் திறந்து துணியில் ஏற்றினாள். விரலில் குத்திவிட்டது, ரத்தம் கறுப்பில் ஊறித் தெரியாமல் போனது. இப்போது சொல்ல வேண்டும். பழகியதுதான்.

"மரியா" என்றாள்.

பிரகாசி செபம் சொல்லவில்லை. அலை வந்து போகிற சத்தம் கேட்டது. இன்னொரு அலையும் வந்து போனது.

"அந்தப் பேரு இல்ல" என்றாள் பிரகாசி.

"நான் பெத்ததுதான் அக்கா. நீங்கதானே அன்னிக்கு வந்து குளிப்பாட்டுனீங்க."

"தெரியும். அதுக்கு செபம் சொல்லணும்னு எத்தன வருசம் கழிச்சு கேக்குற. அந்தப் பிள்ளைய இதுக்கு இழுக்காத. பேரச் சொல்லு."

"அக்கா, உங்க முன்னால நான் எப்படி."

"எம்முன்னாலதான் சொல்லணும்." பிரகாசியின் கை மாதாவின் வலது தோளை விடவில்லை. "அன்னிக்கு எங்கால்ல விழுந்து ஒண்ணு சொன்ன. எனக்கு அப்ப மண்டையில ஏறல. பொறவு ராத்திரி ராத்திரியா முழிச்சுக் கிடந்து யோசிச்சேன். நீ பெறலன்னா யாரு பெத்தா? எம்பிள்ளைக்கு நான் இருக்கேன். மண்ணுக்குள்ள கிடந்தாலும் நான் இருக்கேன். அவனுக்கு நீ இல்லன்னு போயிட்டா, மிச்சம் நான்தான் உபகாரம். எம்பாலக் குடிச்சவன் அவன். பெத்தவ கைய விட்டா பால் குடுத்தவ தலையிலல்ல வந்து விழும்?"

உபகாரம் திறந்த ஊக்கைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு பாரம் போதும். அவன நீ வச்சுக்க. நான் அவன மன்னிக்கல. சாமியார் கேட்டப்பவும் மன்னிக்கலன்னுதான் சொன்னேன். ஆனா உம்மவன நீ எங்கிட்ட தள்ளிவிடாத."

அந்தப் பார்வை இப்போது விளங்கியது. அடக்க வீட்டில் காலடியில் கிடந்து எதையோ கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். கொடுத்தது தன் பிள்ளையை. ஒரு பிள்ளையை இழந்தவளின் மடியில், அவனைக் கொன்றவனைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறாள்.  ஊக்கு இன்னும் திறந்தே இருந்தது, உபகாரத்தின் பிடி தளர்ந்ததில் முந்தானை மெல்ல நழுவ, தோள் இருக்க வேண்டிய இடத்தில் மரம் தெரிந்தது. அவள் துணியை மேலே இழுத்தாள்.

"தனிஸ்லாஸ்" என்றாள். சத்தம் போதவில்லை என்று தோன்றியது. "எம்மவன் தனிஸ்லாஸ்."

பிரகாசி கண்ணை மூடினாள். அன்றைக்கு இரண்டு பிள்ளைகளையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மூடியிருந்த அதே மாதிரி. மங்கள வார்த்தையைத் தொடங்கினாள். வார்த்தை வார்த்தையாக, கல்லைத் தூக்கி வைக்கிற மாதிரி சொன்னாள். இப்பொழுதும் என்று வந்ததும் நின்றுவிட்டாள். எங்கள் இறப்பின் வேளையிலும் என்று அடுத்து வர வேண்டும். அது வரவில்லை. கரையில், துடுப்புக்குக் கீழே, ரொமால்டின் அந்த வேளையில் யார் செபம் சொன்னார்கள் என்று அவள் நினைக்கிறாளோ என்று உபகாரம் நினைத்தாள், அவளும் சேர்ந்து அதையே நினைத்தாள். எடுத்துக்கொடுக்க வாய் போனது. எடுத்துக்கொடுக்கக் கூடாது, இது அவளுடைய செபம். நின்றாள். மாதாவும் நின்றாள். வெகு நேரம் கழித்து பிரகாசி அந்த வார்த்தைகளைச் சொன்னாள், ஆமெனும் சொன்னாள். உபகாரம் ஊக்கை மூடினாள்.

வெளியே மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டத் தொடங்கினார்கள். மாதா சுரூபத்தைத் தூக்குகிறவர்கள் வாசலில் வந்து தொண்டையைச் செருமினார்கள். பிரகாசி மாதாவின் கையில் கைக்குட்டையை வைத்து விரல்களுக்கிடையே செருகினாள், சேலையின் அடியை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள், தாழை நீக்கப் போனாள். நீக்காமல், கதவைப் பார்த்தபடியே நின்று பேசினாள்.

"மனு பாக்கப் போனியா?"

"இல்ல."

"போ."

உபகாரம் தலையை ஆட்டினாள். முதுகைக் காட்டி நிற்கிறவளுக்கு அது தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. "போறேன் அக்கா" என்றாள்.

"எங்கிட்ட இருந்து ஒண்ணும் சொல்லாத. பேரு சொல்லியாச்சுன்னு மட்டும் சொல்லு."

பிரகாசி தாழை நீக்கினாள்.